பதிவேட்டில் பெயர் பார்ப்பதிலிருந்து வாக்கு எண்ணும் இரவு வரை: சிங்கப்பூர் வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு 21 வயது நிறைந்தது 1996ல். அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல் வந்தது. ஆனால் எங்கள் வீடு தஞ்சோங் பகார் குழுத்தொகுதிக்குள், அதாவது பல வேட்பாளர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து நிற்கும் தொகுதிக்குள் இருந்தது. வேட்புமனுத் தாக்கல் நாளில் எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை, போட்டியின்றி வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள். 2001லும் 2006லும் அதேதான். 2011ல் ஒரு சுயேச்சைக் குழு மனுவோடு வந்தது, நேரம் முடிந்து 35 விநாடி ஆகிவிட்டதால் ஏற்கவில்லை. அந்த ஆண்டு நாட்டிலேயே வாக்களிப்பு நடக்காமல் போன ஒரே தொகுதி எங்களுடையது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று நடந்த அதிபர் தேர்தலில்தான் முதல் முறையாக ஒரு வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினேன். அப்போது எனக்கு 36 வயது. பொதுத்தேர்தலில் வாக்களிக்க 2015 வரை, அதாவது 40 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2011, 2015, 2020, 2023, 2025. இதுவரை ஐந்தே முறை. தாமதமாகக் கிடைத்த பொருளை எப்படிப் பத்திரப்படுத்துவோமோ அப்படித்தான் இந்த வாக்கை நான் பார்க்கிறேன். 2025 மே மாதம் என் மகளுக்கு முதல் வாக்கு. எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்கு 84 வயது. அவர்கள் இருவருக்கும் அந்தச் சில வாரங்களில் நான் சொன்னதையும், சொல்வதற்காக நானே தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பதிவேடு

சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டையில் உள்ளூர் முகவரி இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் உங்கள் பெயர் தானாகவே வாக்காளர் பதிவேட்டில் ஏறிவிடும். தனியாக விண்ணப்பம் எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே 18 வயதில் வாக்கு, இங்கே 21. அங்கே இயந்திரம், இங்கே இன்னும் காகிதம்தான். விரலில் மை வைக்க மாட்டார்கள். 'யாருக்கும் வாக்கில்லை' என்று ஒரு கட்டம் சீட்டில் இருக்காது. முக்கியமாக, இங்கே வாக்களிப்பது 1959லிருந்து கட்டாயம். நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் வாக்கு இல்லை. வெளிநாட்டவர் பிரசாரத்தில் ஈடுபடவும் சட்டம் இடம் தரவில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஆர்வத்தில் கட்சித் துண்டறிக்கை கொடுக்கக் கிளம்பினால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

பெயர் இருக்கிறதா என்பதைத் தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) கொண்டு பார்க்கலாம். முடியாதவர்கள் பதிவேடு பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் சமூக மன்றத்துக்குப் போய்க் கேட்கலாம். வீடு மாறியவர்கள் 28 நாட்களுக்குள் முகவரியை மாற்றியாக வேண்டும். அது தேர்தலுக்காக மட்டும் வந்த சட்டம் அல்ல, ஆனாலும் இங்கே கைகொடுக்கும். பதிவேட்டுக்கு ஒரு தேதி உண்டு. 2025 தேர்தலுக்கு அது பிப்ரவரி 1. அதற்குப் பிறகு வீடு மாறியவர்கள் பழைய முகவரியின் தொகுதியில்தான் வாக்களித்தார்கள்.

உங்கள் தொகுதி எது என்று இப்போதே பாருங்கள்

போன தேர்தலில் எந்தத் தொகுதியோ அதேதான் இந்த முறையும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கு முன்பும் எல்லைகளை மறுபடி பார்க்கிறார்கள். வீடு அசையாமல் நிற்கும், தொகுதியின் பெயர் மாறியிருக்கும். 2025ல் 97 இடங்களுக்கு 33 தொகுதிகள்: 18 குழுத்தொகுதி, 15 தனித்தொகுதி.

தனித்தொகுதி என்றால் ஒரே உறுப்பினர். குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து பேர் அணியாக நிற்பார்கள். நீங்கள் போடுவது அணிக்கு ஒரே குறி. அந்த அணியில் எனக்கு இவரைப் பிடிக்கும், அவரைப் பிடிக்காது என்று பிரித்துப் போட முடியாது. 1988ல் வந்த ஏற்பாடு இது. ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஒருவர் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சில தொகுதிகளில் அவர் மலாய்க்காரராகவும், மற்றவற்றில் இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினராகவும் இருப்பார். தமிழர்களாகிய நமக்கு நாடாளுமன்றத்தில் குரல் இருக்க இது ஒரு காரணம். எங்கள் தொகுதியில் அத்தனை ஆண்டுகள் வாக்களிப்பே நடக்காததற்கும் இதே ஏற்பாடு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நான்கைந்து பேரைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் வைப்புத்தொகை கட்டி ஓர் அணியை நிறுத்துவது சிறிய கட்சிகளுக்கு எளிதல்ல. 2025ல் வைப்புத்தொகை ஒரு வேட்பாளருக்கு 13,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும்.

தேதிகள் வேகமாக வரும்

2025ல் ஏப்ரல் 15 தேர்தல் ஆணை (தேர்தலை நடத்தச் சொல்லும் உத்தரவு), 23 வேட்புமனுத் தாக்கல், மே 3 வாக்களிப்பு. பிரசாரத்துக்குச் சட்டப்படி குறைந்தது ஒன்பது நாள் உண்டு. நடைமுறையிலும் பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைக்கிறது. வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள், 2011லிருந்து இருக்கிறது. அன்று கூட்டம் இல்லை, புது விளம்பரம் இல்லை, வீடு தேடி வரவும் மாட்டார்கள்.

ஒன்பது நாள் என்பது வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. அதனால் அந்த ஒன்பது நாளில் யோசிக்கத் தொடங்காதே என்று மகளிடம் சொன்னேன். ஆணை பிறப்பதற்கு முன்பே ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன்: உனக்கு எது முக்கியம்? வீட்டு விலையா, வேலையா, பாட்டியின் மருத்துவச் செலவா, பள்ளியில் தமிழா? மூன்றே மூன்று எழுது. அப்புறம் யார் பேசினாலும் அந்த மூன்றைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கேள்.

அவள் எழுதிய மூன்றில் ஒன்று நான் நினைத்தே பார்க்காதது: தாதிமை இல்லங்களில் வேலை பார்ப்பவர்களின் சம்பளம். அவள் தோழி ஒருத்தி அந்த வேலையில் இருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு என் பட்டியலை அவள் மேல் திணிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

எதைக் கேட்பது, எதை நம்புவது

தமிழில் கேட்க வழி இருக்கிறது. கட்சிகளின் அரசியல் ஒளிபரப்பு நான்கு மொழிகளிலும் உண்டு. வசந்தம் தொலைக்காட்சியிலும் ஒலி 96.8 வானொலியிலும் தமிழில் வரும். தமிழ் முரசு நாளிதழில் வேட்பாளர்கள் பற்றிய செய்தி வரும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் பிடிபடாது. ஒளிபரப்பை அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு கட்சிக்கும் சில நிமிடம்தான், ஆனால் தன் மொழியில் நேராகக் கேட்டதில் அவருக்கு ஒரு தெளிவு வந்தது. பிரசாரக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது நேரில் போங்கள், உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் கூட்டத்துக்கும் சேர்த்து. திடலில் பக்கத்தில் நிற்பவர் எதற்குக் கை தட்டுகிறார் என்பதைப் பார்த்தாலே நாட்டைப் பற்றிக் கொஞ்சம் புரியும்.

உங்கள் உறுப்பினர் சட்டம் இயற்ற மட்டும் போகவில்லை. நகர மன்றத்தை நடத்துவதும் அவர்கள்தான். மாதாமாதம் நீங்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. மின்தூக்கி, கீழ்த்தளம், குப்பை, விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே 'நாட்டுக்கு யார்' என்பதோடு 'என் புளோக்குக்கு யார்' என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே குறி போட வேண்டியிருப்பது சில சமயம் சங்கடம்தான். அந்தச் சங்கடத்தை நான் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காணொளிகளை உடனே அனுப்பாதீர்கள். வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோலக் கணினியில் உருவாக்கும் காணொளியைத் தேர்தல் காலத்தில் வெளியிடுவது 2024ல் நிறைவேறிய சட்டப்படி குற்றம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். முழுப் பேச்சும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்

வாக்களிப்பு அட்டை, நம் பேச்சில் போல் கார்டு, வீட்டுக்குத் தபாலில் வரும். சிங்பாஸ் செயலியிலும் பார்க்கலாம். அதில் நீங்கள் போக வேண்டிய வாக்குச்சாவடி இருக்கும். அங்கே மட்டுமே போட முடியும், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று இன்னொன்றில் நுழைய முடியாது. அட்டையோடு அசல் அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் வேண்டும்.

வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை நேரம். அன்றும் வேலை இருப்பவர்களுக்கு வாக்களிக்கப் போதிய நேரம் கொடுப்பது முதலாளியின் கடமை. மூத்தவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் தனி வரிசை உண்டு. வரிசை எவ்வளவு நீளம் என்று இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

சாவடிக்குள் நடப்பது

அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள், பதிவு செய்கிறார்கள், சீட்டைத் தருகிறார்கள். மறைவான மேசைக்குப் போகிறீர்கள். சீட்டில் கட்சியின் பெயர், சின்னம், வேட்பாளர்களின் படம் எல்லாம் இருக்கும். எழுத்து தெரியாதவரும் குழம்ப மாட்டார். 2020லிருந்து மேசையில் ஒரு பேனா வைத்திருக்கிறார்கள், கட்டத்தில் வைத்து அழுத்தினால் பெருக்கல் குறி தானாக விழும். சரியாக விழவில்லையே என்று 2023ல் பலர் கவலைப்பட்டார்கள். செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் போதும். சொந்தப் பேனா கொண்டுபோயும் போடலாம். அப்புறம் சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

யாருக்குப் போட்டீர்கள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் அடிப்படை. வெற்றுச் சீட்டு, இரண்டு கட்டத்தில் குறி, உங்களை அடையாளம் காட்டும் பெயரோ கையெழுத்தோ, இவை இருந்தால் வாக்கு செல்லாது. கை தவறிவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன்பே அங்கிருக்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள், வேறு சீட்டு தருவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போட்டுவிட்டு வராதீர்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2011 அதிபர் தேர்தலில் முதல் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 7,382 வாக்குகள். 21 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அவ்வளவுதான். செல்லாத வாக்குகளோ 37,000க்கும் மேல். என் முதல் வாக்கு அந்தத் தேர்தலில்தான். அதே ஆண்டு பொதுத்தேர்தலில் போத்தோங் பாசிர் தொகுதி 114 வாக்கு வித்தியாசத்தில் கைமாறியது. ஒரு புளோக்கில் குடியிருப்பவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள்.

பெரியம்மாவுக்குக் கை நடுங்கும். கூடவே போய்ப் போட்டுக் கொடுக்கலாமா என்று மகள் கேட்டாள். கூடாது. உதவி தேவைப்பட்டால் தேர்தல் அதிகாரிதான் உதவுவார், அவர் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். பெற்ற பிள்ளையானாலும் மறைவிடத்துக்குள் வர முடியாது. பார்வை இல்லாதவர்கள் தாங்களே குறியிட, தடவிப் பார்த்து அறியக்கூடிய அச்சுத்தகடு ஒன்று தருவார்கள். பெரியம்மா உதவி வேண்டாம் என்றார். நாங்கள் தள்ளி நின்றோம். நேரம் எடுத்துக்கொண்டார், தானே போட்டார்.

சீட்டில் இருக்கும் எண்

என் தலைமுறையிலும் அதற்கு முந்தைய தலைமுறையிலும் இந்த ஒரு பயம் ஆழமாக இருக்கிறது. "தாள்ல நம்பர் இருக்குல்ல? யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்மா" என்று பெரியம்மா சொல்லிக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அரசாங்க வேலையில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். என் முதல் வாக்கின்போது எனக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. மகளுக்கு அது நேரக் கூடாது என்பதால் இதைத்தான் அதிக நேரம் எடுத்துத் தேடிப் படித்தேன்.

எண் இருப்பது உண்மை. கள்ளச் சீட்டு அச்சடித்து யாரும் உள்ளே நுழைத்துவிடக் கூடாது, ஒருவர் பெயரில் இன்னொருவர் போட்டால் கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். சீட்டைக் கிழித்துத் தரும்போது அடிக்கட்டை அவர்களிடம் இருக்கும்.

அப்படியானால் சீட்டையும் அடிக்கட்டையையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே? அதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பாருங்கள். காலையில் பெட்டி காலியாக இருப்பதைக் காட்டிய பிறகே முத்திரை வைப்பார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாக்களிப்பு முடிந்ததும் மறுபடி முத்திரை. எண்ணும் நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து சீட்டுகளைக் கொட்டிக் கலந்த பிறகுதான் பிரிக்கிறார்கள், அங்கேயும் எல்லாக் கட்சியின் முகவர்களும் நிற்கிறார்கள். எண்ணி முடித்ததும் சீட்டுகளும் மற்ற ஆவணங்களும் பெட்டிகளில் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தின் பாதுகாப்பு அறைக்குப் போகின்றன. ஆறு மாதம் அங்கே இருக்கும், பிறகு அழித்துவிடுவார்கள். இடையில் திறந்து பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும். இங்கே தேர்தல் நடக்கத் தொடங்கிய 1948லிருந்து அப்படி ஓர் ஆணை பிறந்ததே இல்லை.

இதைத் தமிழில் பெரியம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன். முதல் முறை தலையாட்டினார், நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இரண்டாவது முறை, "எல்லாக் கட்சி ஆளுங்களும் நிக்கிறாங்களா?" என்று கேட்டார். நிற்கிறார்கள் என்றேன். பெட்டியையும் பூட்டையும் பற்றிச் சொன்னதைவிட அந்த ஒரு பதில்தான் அவருக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது அங்கிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்று. யாருக்குப் போட்டாய் என்று மகளிடம் நான் கேட்கவில்லை. கணவர் கேட்க வாயெடுத்தார், கண்ணால் தடுத்தேன்.

அந்த இரவு

எட்டு மணிக்குக் கதவு மூடியதும் எண்ணத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் மாதிரி எண்ணிக்கை வரும். 2015லிருந்து இதை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியின் சீட்டுகளிலிருந்தும் நூறை எடுத்துக் கணக்கிட்டது அது. நான்கு விழுக்காட்டுப் புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம். 60-க்கு 40 என்று வந்தால் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிட்டது. 52-க்கு 48 என்று வந்தால் எதுவும் முடியவில்லை, அமைதியாகக் காத்திருங்கள். வித்தியாசம் இரண்டு விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் மறுபடி எண்ணுவார்கள்.

2025ல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 87 இடம், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 10. எதிர்த்தரப்புக்கு நாடாளுமன்றத்தில் குறைந்தது 12 இருக்கை என்ற விதி இருப்பதால், தோற்றவர்களில் அதிக விழுக்காடு வாங்கிய இருவர் தொகுதியில்லா உறுப்பினர்களாகப் போனார்கள். தோற்ற அணிக்குப் போட்ட வாக்கு வீண் என்று சொல்பவர்களிடம் இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

வெளிநாட்டில் இருந்தால், வாக்களிக்கத் தவறினால்

முன்கூட்டியே வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும். கடைசி மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும். லண்டன், துபாய், தோக்கியோ போன்ற பத்து நகரங்களில் நேரில் போடலாம். இந்தியாவில் அப்படி ஒரு சாவடி இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு 2023லிருந்து தபால் வாக்கு இருக்கிறது. சீட்டையும் உறையையும் இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, குறியிட்டு, வாக்களிப்பு நாளுக்கு முன்பே அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாளுக்குப் பின் பத்து நாளுக்குள் இங்கே வந்து சேர வேண்டும். ஊர்த் தபாலை நம்பிக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

என் தம்பி 2015ல் துபாயில் இருந்தான். அங்கே சாவடி இருந்தும் பதியாமல் விட்டுவிட்டான். பெயர் பதிவேட்டிலிருந்து போய்விட்டது. பெயர் போனால் அடுத்து வரும் தேர்தல்களில் வாக்களிக்கவும் முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை, படிப்பு, உடல்நலக்குறைவு, பிரசவம், வெளியூர்ப் பயணம் போன்ற தகுந்த காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி. தம்பிக்குக் கட்டணம் இல்லாமலே முடிந்தது. 2020ல் முகக்கவசத்தோடு எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றான்.

விண்ணப்பத்தைத் தேர்தல் நெருங்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தேர்தல் ஆணை பிறந்துவிட்டால் பதிவேடு மூடிவிடும், அந்தத் தேர்தலுக்கு அப்புறம் வழியில்லை. போன முறை வாக்களித்தோமா என்று நினைவில்லாதவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். இன்று சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் சிங்பாஸைத் திறந்து அவரவர் பெயரைப் பார்த்துவிடுங்கள். செயலி தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே காட்டுங்கள்.